மழைக்குச் சுங்கம் வாங்கும் கணவாய்: ஒரு ஃபேண்டஸி நாவல் பிரதியின் நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுதிய ஃபேண்டஸி நாவலைப் பற்றியது இந்த ஆய்வு. நாவல் இன்னும் அச்சேறவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும் நாவலின் பெயரையும் பாத்திரங்களின் பெயரையும் தவிர்த்து, ஆட்களைத் தொழிலை வைத்தே குறிப்பிடுகிறேன். மற்றதை எல்லாம் சொல்லலாம் என்று அவரே சம்மதம் கொடுத்தார். பிரதியில் என்ன இருந்தது, வாசித்தவர்கள் எங்கே நின்றுபோனார்கள், திருத்தத்தில் எது உயிர்பெற்றது, எது இன்னும் அப்படியே கிடக்கிறது என்று வரிசையாக எழுதுகிறேன். தமிழில் இந்த வகை நாவல் எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பிரதி திருத்துகிறவள் என்ற முறையில் என் கைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் இதே சிக்கலோடுதான் வருகின்றன. உலகம் கண்முன் நிற்கிறது, அதில் வாழ்கிற ஆட்கள் மனசில் ஒட்டுவதில்லை.

உலகம்

முதலில் அந்த உலகத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைத்துச் சொன்னால் அந்தத் தம்பிக்குச் செய்கிற அநியாயம்.

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று புனலூருக்கு மலையேறி இறங்குகிற பாதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேற்கே மழை கொட்டும்போது கிழக்கே வெயில் அடிக்கும். ஆனி, ஆடியில் மட்டும் கணவாய் வழியாகக் காற்று புகுந்து தென்காசி வரைக்கும் சாரல் தெறிக்கும். குற்றாலத்தின் சீசனே அந்த இடைவெளி போடுகிற பிச்சைதான். தம்பி இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டையே எழுப்பியிருந்தார்.

அவர் நாவலில் மலைக்கு மேற்கே மழைநாடு, கிழக்கே நிழல்நாடு. மேகங்களை மாடு ஓட்டுவதுபோல ஓட்டிவரும் மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். எந்த மேகம் யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைமணம் போடுகிறார்கள்: குங்கிலியம் ஒருவருக்கு, வேப்பிலை ஒருவருக்கு. கணவாயின் உச்சியில் காற்றுச் சாவடி. கிழக்கே இறங்கும் ஒவ்வொரு மேகத்துக்கும் அங்கே சுங்கம் கட்ட வேண்டும். மழையை அளக்கிற அலகு, ஒரு கோட்டை விதைப்பாடு (ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம்) நனைகிற மழை. நெல்லைச் சீமையில் நெல்லுக்கும் நிலத்துக்கும் இருந்த கோட்டைக் கணக்கை மழைக்குக் கொண்டுவந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு பொருத்தம். சுங்கம் உப்பாக வாங்கப்படுகிறது, ஏனென்றால் மழைநாட்டில் உப்பு விளையாது. திருவிதாங்கூரில் உப்பும் புகையிலையும் அரசுத் தனியுரிமையாக இருந்த காலத்தின் நிழல் இதில் விழுந்திருக்கிறது. நாணயக் கணக்கும் அப்படித்தான். ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு என்ற பழைய திருவிதாங்கூர்க் கணக்கைப் பெயர் மாற்றி எடுத்தாண்டிருந்தார். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை அந்தச் சீமையைச் சேர்ந்ததுதானே. இன்றும் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் கேரளத்துக் கொல்லம் ஆண்டு அச்சாகிறது. அதைப் போலவே நாவலில் இரண்டு நாட்டுக்கும் இரண்டு ஆண்டுக் கணக்கு. ஒரு நாட்டின் புத்தாண்டு இன்னொரு நாட்டுக்குப் பஞ்சமாதம்.

இவை தவிர மேய்ப்பர் சங்கங்களின் சட்டம், இரண்டு மொழிகளுக்கு இலக்கணக் குறிப்பு, சார்ட் பேப்பரில் கலர் பென்சிலால் போட்ட வரைபடம், 13 கண் உள்ள ஒரு பாலம் (இந்தப் பாதையில் அதே 13 கண்ணோடு நிற்கிற கழுதுருட்டி ரயில் பாலத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்), மலைத்தெய்வத்துக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு விதமான படையல். மொத்தம் 600 பக்கத்தை ஒட்டி வந்தது. நான் திருத்தியவற்றில் இவ்வளவு நேர்த்தியாக நெய்யப்பட்ட கற்பனை உலகம் வேறில்லை. எங்கே இழுத்துப் பார்த்தாலும் நூல் பிரியவில்லை.

கதை இதுதான். கணவாய் திடீரென்று மூடப்படுகிறது. நிழல்நாடு காய்கிறது. சாவடிக் கணக்கரின் மகள்தான் அதைத் திறக்கப் பிறந்தவள் என்று ஒரு கிழவி குறி சொல்கிறாள். மகள் ஒரு மேய்ப்பனோடு மழைநாட்டு ராஜாவைப் பார்க்கப் புறப்படுகிறாள். வழியெல்லாம் ஊர்கள். சாவடித் தலைவன் துரத்துகிறான். கடைசியில் கணவாய் திறக்கிறது.

வாசித்தவர்கள் சொன்னது

செங்கோட்டை, தென்காசி, புனலூர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் கூட்டம் ஒன்று உண்டு. ரயில்வேயில் ரிட்டயரான அண்ணாச்சி ஒருவர், பள்ளிக்கூட டீச்சர், தென்மலைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்து இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும் பெண், இன்னும் சிலர். பிரதியை ஜெராக்ஸ் எடுத்துப் பகுதி பகுதியாகக் கொடுத்தோம். கருத்துக் கேட்கவில்லை. கருத்துக் கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்: பிரதியைப் பார்க்காமல் கதையைச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி பேப்பரை வாங்கி வரைபடத்தையே போட்டுக் காட்டினார். சாவடியின் வாயில்களை வரிசையாகச் சொன்னார். லாட்ஜுப் பெண் புகைமண விஷயத்தை விரல்விட்டு எண்ணினார். ஒருவர் காசுக் கணக்கைச் சரியாகப் போட்டார். கணக்கர் மகளைப் பற்றிக் கேட்டபோது ஒரு சின்ன அமைதி. "அந்தப் பிள்ளை போவா... எல்லா ஊருக்கும் போவா" என்றார் ஒருவர். அவள் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கணவாய் திறக்கணும் என்றார்கள். அது ஊருக்கு வேண்டியது, அவளுக்கு என்ன வேண்டும் என்று திரும்பக் கேட்டேன். பதில் வரவில்லை.

அப்போது டீச்சர் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் திருப்பம். "அந்த உப்பு அளக்கிறவர் அப்புறம் என்ன ஆனார்? மாட்டிக்கிட்டாரா?"

நாவலின் நடுவில் எங்கேயோ ஒன்றரைப் பக்கம் வந்துபோகிற ஆள் அவர். பெயர்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு நாவலில் வரவே இல்லை. ஆனால் டீச்சர் கேட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. லாட்ஜுப் பெண், "அவரை அப்படியே விட்டுட்டாங்களே" என்று கோபப்பட்டார். பல அத்தியாயங்களில் நடந்த நாயகியை மறந்தவர்கள் ஒன்றரைப் பக்கத்து ஆளுக்காகக் கோபப்படுகிறார்கள். பிரதியை எடுத்துவந்து அந்த இடத்தைத் திரும்பப் படித்தோம்.

ஒன்றரைப் பக்கம்

சாவடியில் சட்டம் இப்படி. சுங்க உப்பைப் படியில் அளக்கும்போது மூன்று தடவை தரையில் தட்டி, உப்பு அடங்கிய பிறகு மேலே நிரப்பித் தலைதட்டி அளக்க வேண்டும். தட்டாமல் அளந்தால் குறைந்த உப்பிலேயே படி நிறைந்துவிடும். படி பிடித்து அளந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தட்டாமல் அளந்தவருக்குத் தண்டனை, வலது கைப் பெருவிரல்.

ஒரு கைம்பெண் தன் ஊருக்கு மழை கேட்டு உப்போடு வருகிறாள். உப்பு போதாது. அளக்கிறவர் பின்னால் கண்காணி நிற்கிறான். அவர் ஒரே தடவை தட்டுகிறார். இரண்டாவது, மூன்றாவது தட்டுக்குப் படியை இறக்குவதுபோலப் பாவனை காட்டித் தரை தொடாமல் நிறுத்துகிறார். சத்தம் வர வேண்டுமே, அதற்குக் கால் கட்டைவிரலால் பலகையைத் தட்டுகிறார். படி நிறைகிறது. மேகம் இறங்குகிறது. கைம்பெண் போகும்போது அவர் கேட்கிறார்: "உங்க ஊருக்கு அடுத்த ஊர்லதான் என் மகளைக் கொடுத்திருக்கு. காத்து அடிச்சா அங்கயும் ரெண்டு தூறல் விழும்லா?"

அவ்வளவுதான் அந்தப் பகுதி.

இதில் உலகத்தைப் பற்றிய தகவல் குறைவா? ஒன்றும் குறையவில்லை. சட்டம் இருக்கிறது, அளவை இருக்கிறது, தண்டனை இருக்கிறது, நிலவியலும் இருக்கிறது. மற்ற பக்கங்களில் அறிவிப்புப் பலகையில் எழுதியதுபோல நிற்கிற அதே சரக்குதான். இங்கே மட்டும் அந்தச் சட்டம் ஒரு மனிதரின் பெருவிரல்மேல் கத்தி வைத்திருக்கிறது. அவருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அதைச் சட்டம் தடுக்கிறது, மீறினால் விலை உண்டு என்று அவருக்குத் தெரியும், தெரிந்தே மீறுகிறார்.

பிறகு முழுப் பிரதியையும் பென்சிலோடு உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். யாராவது ஏதாவது வேண்டும் என்று ஆசைப்படுகிற இடத்தில் ஒரு குறி, அதை இன்னொருவரோ சட்டமோ தடுக்கிற இடத்தில் ஒரு குறி, அதற்காக ஒருவர் எதையாவது இழக்கிற இடத்தில் ஒரு குறி. முதல் நோட்டு முழுக்க ஓரங்கள் வெள்ளையாகவே இருந்தன. மூன்று குறியும் ஒரே பக்கத்தில் விழுந்த இடம் அந்த உப்பு அளக்கிற பகுதி ஒன்றுதான். பிரதி எழுதுகிற எவரும் இதைத் தாமே செய்து பார்க்கலாம். பென்சிலும் நேர்மையும் போதும்.

நாயகி ஏன் நிற்கவில்லை

சாவடியை அறிமுகப்படுத்தும் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியை அவர் சம்மதத்தோடு தருகிறேன்:

"சாவடிக்கு ஏழு வாயில்கள் இருந்தன. முதல் வாயில் கருமேகத்துக்கு, இரண்டாவது வெண்மேகத்துக்கு, மூன்றாவது மேய்ப்பன் இல்லாமல் வந்த மேகத்துக்கு. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு கணக்கரும் இரு காவலரும் நின்றனர். ஒரு கோட்டை மழைக்கு மூன்று படி உப்பு சுங்கமாகப் பெறப்பட்டது. அவள் இவற்றை எல்லாம் வியப்புடன் பார்த்தபடி நடந்தாள்."

கடைசி வாக்கியத்தில் கூட்டமே தடுக்கியது. இவள் சாவடிக் கணக்கரின் மகள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏழு வாயிலைப் பார்த்து இவள் ஏன் வியக்க வேண்டும்? குற்றாலத்தில் அருவியை வாய் பிளந்து பார்ப்பவர் வெளியூர்க்காரர். அங்கே கடை வைத்திருப்பவர் அருவியைப் பார்ப்பது தண்ணீர் கூடியிருக்கிறதா, இன்றைக்குக் குளிக்க விடுவார்களா என்று தெரிந்துகொள்ள. அவர் பார்வையில் கடன் இருக்கிறது, பள்ளிக்கூடம் திறந்ததும் கட்ட வேண்டிய ஃபீஸ் இருக்கிறது. தம்பியின் நாயகி தன் சொந்த ஊரில் சுற்றுலா வந்தவளாக நடக்கிறாள். வாசகனுக்கு உலகத்தைக் காட்ட ஒரு கண் தேவைப்பட்டது, அந்தக் கண்ணை அவள் முகத்தில் பொருத்திவிட்டார். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை.

குறி சொன்ன கிழவி இன்னொரு காரணம். நாயகி பிறக்கும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஆகிவிட்டதால், எந்த இடத்திலும் அவள் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. போகச் சொன்னார்கள், போனாள். நதியைக் கடக்கச் சொன்னார்கள், கடந்தாள். நல்ல பிள்ளை, தைரியசாலி, இரக்கமுள்ளவள். இவை எல்லாம் பண்புகள். பண்புகளின் பட்டியல் வரன் பார்க்கிற இடத்தில் போதும், நாவலுக்குப் போதாது.

பேச்சும் காலை வாரிவிட்டது. இரண்டு நாட்டு மொழிக்கும் இலக்கணக் குறிப்பு எழுதியவர், எல்லோரையும் ஒரே புத்தகத் தமிழில் பேசவிட்டிருந்தார். எங்கள் ஊர்ச் சந்தையில் அரை மணி நேரம் நின்றால் போதும். புனலூரிலிருந்து வருகிற வியாபாரி மலையாளத்தில் விலை கேட்பார், இவர் தமிழில் சொல்வார், பேரம் படியும்போது இருவரும் மற்றவர் மொழிக்கு மாறிவிடுவார்கள், கோபம் வந்தால் அவரவர் மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். எந்த மொழியில் எப்போது பேசுகிறார் என்பதிலேயே ஆளின் நோக்கம் தெரியும். இவ்வளவு பெரிய செல்வம் காலடியில் கிடக்க, பிரதியில் அதற்கு இடமில்லை. அந்த உப்பு அளக்கிறவர் மட்டும் "விழும்லா" என்று எங்கள் பேச்சில் கேட்டிருந்தார். எப்படியோ தப்பி வந்த ஒரு சொல்.

"டோல்கீன் எழுதலையா?"

இதை எல்லாம் தம்பியிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. பிறகு நிதானமாகக் கேட்டார். "டோல்கீன் மட்டும் பாஷை, காலண்டர், ராஜ வம்சம் எல்லாம் எழுதலையா அக்கா? அதைக் கொண்டாடுதாங்க. நான் எழுதினா அதிகம்கிறீங்க."

நியாயமான கேள்வி, நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. டோல்கீன் ஆக்ஸ்போர்டு பேராசிரியர், மொழி அவர் துறை. தன் கற்பனை உலகத்துக்கான மொழிகளை நாவலுக்குப் பல வருடம் முன்பே உருவாக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவருடைய பெரிய நாவலான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55இல் மூன்று பாகமாக வந்தபோது ராஜாக்களின் பட்டியலும் காலண்டரும் எழுத்து முறையும் மூன்றாம் பாகத்தின் கடைசியில், பின்னிணைப்பாகத்தான் வந்தன. கதை தொடங்குவது ஒரு பிறந்தநாள் விருந்தில். விருந்து முடிந்ததும் பில்போ என்ற வயசாளி ஒரு மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். வைக்க மனசு வரவில்லை. வைத்துவிட்டேன் என்கிறார், பார்த்தால் பையிலேயே இருக்கிறது. அந்த மோதிரத்தின் வரலாறு வாசகனுக்கு இன்னும் தெரியாது. ஒரு நல்ல மனிதரின் கை அதை விடமாட்டேன் என்கிறது, அதிலிருந்தே அதன் பயங்கரம் தெரிந்துவிடுகிறது. அந்த உலகத்தின் புராணங்கள் தனி நூலாக வந்தது 1977இல், அவர் காலமான பிறகு.

தம்பி யோசித்தார். பிறகு நான் நம் பக்கத்திலிருந்தே ஒன்றைச் சொன்னேன். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலையை வர்ணித்திருப்பதைத் தென்காசிப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். குரங்கு, அருவி, சித்தர், தேன் என்று மலையில் இருப்பது எல்லாம் வந்துவிடும். அந்த வர்ணனையைச் சொல்வது யார்? குறத்தி. யாரிடம்? குற்றாலநாதர்மேல் காதல்கொண்டு தவிக்கும் வசந்தவல்லியிடம். எதற்கு? குறி சொல்ல வந்தவள் தன் பெருமையை முதலில் நிறுவ வேண்டும். அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு "எங்கள் மலையே" என்று முடிகிறது. மலை அதே மலைதான். அந்த "எங்கள்" வந்து உட்கார்ந்ததும் அது ஒருத்தியின் வீறாப்பாகிவிடுகிறது. வர்ணனை நீளமாக இருப்பதில் குற்றமே இல்லை. சொல்லுகிற வாய் வேண்டும், சொல்வதற்குத் தேவை வேண்டும்.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனித மனத்தில் நடப்பது உரிப்பொருள். பாடலில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்துவரும் என்கிறது சூத்திரம். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். தம்பியின் பிரதியில் முதலும் கருவும் களஞ்சியம் நிறைய இருந்தன. மழை மறைந்து நிலம் பாலையாகிறது. பாலைக்கு உரியது பிரிவு. அந்தப் பிரிவு 600 பக்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் நேர்ந்திருந்தது, மகளை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த உப்பு அளக்கிறவருக்கு.

"அவருக்கு மகளை ஏன் அந்தப் பக்கம் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஆச்சி புனலூர்ல இருந்து வந்தவ அக்கா" என்றார். ஆச்சியின் தங்கை அங்கேயே இருந்தார். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் இரண்டு பேரும் நினைத்தபோது பார்த்துக்கொண்டார்கள். 1904இல் போட்ட பாதை அது. அகலப்பாதை வேலைக்காக 2010இல் வண்டி நின்றது. 2018இல் திரும்ப முழுதாக ஓடத் தொடங்கும்வரை பஸ்தான். மலை வளைவில் பஸ்ஸில் போனால் ஆச்சிக்கு வாந்தி வரும், அதனால் போவது நின்றுபோனது. பிறகு 2020 ஊரடங்கு. இ-பாஸ் இல்லாமல் செக்போஸ்ட் தாண்ட முடியாது. வைக்கோல் லாரியும் காய்கறி லாரியும் போகும், சொந்தக்காரர் போக முடியாது. புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து எந்த வண்டிக்குப் பேப்பர் சரியாக இருக்கிறது, எதற்கு இல்லை என்று சொல்கிற வேலை தம்பிக்கு. ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, லாரியில் கிளீனராக ஏற்றிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். மகள் பிரசவம் அந்தப் பக்கம். இவர் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

திருத்தம்

இப்படிப்பட்ட பிரதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, உலகத்தைப் பற்றிய பகுதியைப் பாதியாக வெட்டு என்பது. அதை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. வெட்டினால் சிறிய பிரதி கிடைக்கும், ஆட்கள் அப்படியேதான் இருப்பார்கள். அந்த உலகம்தான் இந்தத் தம்பியின் வரம். கோட்டைக் கணக்கில் மழையை அளக்கிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது. நான் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த உலகத்தின் ஒரு விதி யாராவது ஒருவருக்குச் செலவு வைக்க வேண்டும். யாருக்கும் செலவு வைக்காத விதி பின்னிணைப்புக்குப் போகட்டும்.

அவர் செய்தது நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய காரியம். குறி சொல்லும் கிழவியை எடுத்துவிட்டார். நாயகியைக் கணக்கரின் கைக்குதவியாக ஆக்கினார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பேரேட்டில் எழுதுவது அவள். சுங்கம் பாக்கி வைத்த ஊர்களின் பெயரை அடிப்பதும் அவள் கைதான். அடிக்கப்பட்ட ஊருக்கு அந்த வருடம் மேகம் இறங்காது. ஒரு மாலை வேகவேகமாக அடித்த பெயர்களில் ஒன்று, அவளைப் பால் கொடுத்து வளர்த்த சித்தி வாக்கப்பட்ட ஊர். அடுத்த நாள் கணவாய் மூடப்படுகிறது. பேரேட்டில் அடித்ததைத் திருத்த ராஜமுத்திரை வேண்டும். அவள் மழைநாட்டுக்குப் போவது இப்போது இதற்காக. கணவாய் திறப்பது ஊருக்கு வேண்டியது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரியை அழிப்பது. அழிக்கப் போனால் அடித்தது யார் என்று வெளியே தெரிந்துவிடும், கண் மங்கியதை மறைத்த அப்பாவின் வேலையும் போகும்.

முதல் அத்தியாயத்தின் சாவடிக் காட்சி இப்போது இப்படி இருக்கிறது:

"நாலாவது வாயிலில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் அவளுக்குத் தெரியும். மூன்று படிக்கு அரைப்படி குறைந்தது. மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உப்பு அளக்கிறவர் மூட்டையைப் பார்க்கவில்லை, அவள் விரலில் இருந்த மைக்கறையைப் பார்த்தார்.

'கணக்கர் மகளா?'

'ஆமா.'

'மூணு தட்டுன்னு எழுதினது உங்க அப்பாதான்.'

'தெரியும்.'

அவர் திரும்பிக் கண்காணியிடம் மழைநாட்டுப் பேச்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு படியை எடுத்தார். ஒரு தட்டு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குக் காத்திருந்தாள். சத்தம் வந்தது. படி தரையில் படவில்லை."

ஏழு வாயிலும் போய்விட்டதா? போகவில்லை. மூன்றாவது வாயில் நாற்பது பக்கம் தள்ளி, அவள் தப்பி ஓடும்போது வருகிறது. மேய்ப்பன் இல்லாத மேகத்துக்கான அந்த வாயிலில் ராத்திரி காவல் கிடையாது என்பது ஓடுகிறவளுக்குத்தானே தேவைப்படும். தகவல் அதே தகவல்தான், தேவைப்படும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இப்படி இடம் மாறியவை நிறைய. பின்னிணைப்புக்குப் போனவை நாணய அட்டவணையும் இலக்கணமும் மேய்ப்பர் சங்கங்களின் சட்டத்தில் பெரும்பகுதியும். மொத்தப் பக்கம் பெரிதாகக் குறையவில்லை.

கூட்டத்தில் மறுபடி கதையைச் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை லாட்ஜுப் பெண் எடுத்த எடுப்பில் சித்தி ஊரிலிருந்து தொடங்கினார். டீச்சர் பேரேட்டுக் காட்சியைப் பற்றிப் பேசும்போது, மார்க் லிஸ்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே தான் போட்ட சிவப்புக் கோடு ஒன்று ஞாபகம் வந்ததாகச் சொன்னார். ஒரு கற்பனை நாட்டுச் சுங்கக் கணக்கு ஒரு டீச்சரை அவருடைய வகுப்பறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதை நேரில் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம். நாயகியின் பெயரை எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணாச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அந்த முதல் பிரதிதான் பிடிச்சுது. கணக்கு வழக்கு எல்லாம் ஒரே இடத்தில கிடைச்சுது. இப்ப தேட வேண்டியிருக்கு" என்றார். வரைபடத்துக்காகவும் அட்டவணைக்காகவும் ஃபேண்டஸி வாசிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் வாசிப்பும் வாசிப்புதான். அவருக்காகவே பின்னிணைப்பு விரிவாக இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் சரியாகாதவை

கூடவே வருகிற மேய்ப்பன் இரண்டாம் பிரதியிலும் மரக்கட்டைதான். நாயகிக்குத் தெரியாததை விளக்குவதற்கென்றே இருப்பவன் அவன். இந்த வேலையை ஒருவனுக்குக் கொடுத்தால் வேறு எந்த வேலையும் செய்ய அவனுக்கு நேரம் இருப்பதில்லை. தம்பி இதை உணர்ந்து அவனுக்கு ஒரு சோகமான முன்கதை எழுதினார். சின்ன வயதில் புயலில் பெற்றோரைப் பறிகொடுத்தவன். மூன்று பக்கம், நன்றாகவே எழுதப்பட்ட மூன்று பக்கம். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. இது கவனிக்க வேண்டிய இடம், ஏனென்றால் பாத்திரம் தட்டையாக இருக்கிறது என்று சொன்னதும் பெரும்பாலோர் கை வைப்பது முன்கதையில்தான். உப்பு அளக்கிறவரின் பால்யம் நமக்கு ஒன்றும் தெரியாது. படியைத் தரையில் வைப்பாரா மாட்டாரா என்ற ஒரு நொடிதான் தெரியும். என்றோ நடந்து முடிந்த துக்கம் வாசகனிடம் அனுதாபத்தை வாங்கித்தரும், அடுத்து இவன் என்ன செய்வான் என்ற பதைப்பை வாங்கித்தராது.

சாவடித் தலைவனும் அப்படியே. பேராசைக்காரன் என்று நாவல் சொல்கிறது, அவ்வளவுதான். சுங்கம் வாங்காவிட்டால் மழைநாட்டில் அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், உப்பு வராவிட்டால் அங்கே யார் வீட்டில் எது நின்றுபோகும் என்று எழுதினால் அவனும் எழுந்து நிற்பான். அந்த உலகத்தில் அதற்கான சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மழைநாட்டு உப்புப் பங்கீடு என்று எட்டுப் பக்கக் குறிப்பே இருக்கிறது. அதில் யாருடைய சமையலறையும் இல்லை.

நடுப்பகுதியில், பாலத்தைக் கடந்த பிறகு வரும் மூன்று ஊர்களில் நாயகியே பழையபடி பார்வையாளராகிவிடுகிறாள். ஒரு ஊரை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் ஒன்றாக்கலாம் என்பது என் கருத்து. தம்பிக்கு அந்த ஊர்களின் மேல் பாசம் அதிகம். அவர் முடிவு அது.

மேய்ப்பனுக்கு இப்போது புதிதாக ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறார். வேப்பிலை மணம் போட்ட, வேறொருவருக்குச் சொந்தமான மேகம் ஒன்று அவன் பொறுப்பில் இருக்கும்போது வழியிலேயே கலைந்துபோகிறது. சொந்தக்காரன் வந்து கேட்கிறான். நாயகியைக் காட்டிக்கொடுத்தால் அவன் கடன் தீரும். இதுவரைக்கும் வந்த பக்கங்களில் அவன் எதையும் விளக்கவில்லை, பொய் சொல்கிறான். பொய் தடுமாறுகிற இடத்தில் தம்பி நிறுத்தியிருக்கிறார். அதற்கு மேல் என்ன என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லையாம். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.